சுரங்கத் தொழிலாளர் கண்ட நூல்நிலையம்

நூல்நிலையங்களை மன்னர்கள் அமைத்திருக்கின்றனர்; மடங்கள் அமைத்திருக்கின்றன; செல்வர்கள் தம் பெயர் நிலைக்க அமைத்திருக்கின்றனர்; அரசாங்கங்கள் மக்களின் வரிப்பணத்தால் அமைத்திருக்கின்றன. மண்ணுக்கடியில் ஈயம் வெட்டிய கூலித் தொழிலாளர், தம் சட்டைப்பையிலிருந்து காசு எடுத்துத் தாமே அமைத்த நூல்நிலையம் ஒன்றும் உலகில் உண்டு. அதைக் காண வேண்டுமாயின் ஸ்காட்லாந்தின் தென்பகுதியிலுள்ள லெட்ஹில்ஸ் என்னும் சிற்றூருக்குச் செல்ல வேண்டும்.

கிளாஸ்கோ மாநகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் லோதர் குன்றுகள் எழுகின்றன. மரமற்ற மொட்டைக் குன்றுகள் அவை. அவற்றின் மடியில் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் லெட்ஹில்ஸ் அமைந்துள்ளது. அங்கிருந்து குன்றேறிச் சிறிது தொலைவு நடந்தால் வான்லாக்ஹெட் வந்துவிடும். ஸ்காட்லாந்தின் சிற்றூர்களுள் மிக உயரத்தில் இருப்பது இதுவே. ஒன்று லானர்க்‌ஷயரைச் சேர்ந்தது. மற்றொன்று டம்ஃப்ரீஸைச் சேர்ந்தது. எல்லை இரண்டாயினும் வாழ்க்கை ஒன்றே. நீண்ட பனிக்காலமும், விளைச்சல் குன்றிய நிலமும், மூடுபனியும் இரண்டிற்கும் பொது. பயிர் செழிக்காத இந்த இடத்தில் மக்கள் குடியேறியதற்குக் காரணம், மண்ணின் மேல் இல்லாத வளம் மண்ணின் கீழ் இருந்ததுதான்.

பதினாறாம் நூற்றாண்டில் இக்குன்றுகளின் ஓடைகளில் பொன் கிடைத்தது. ஸ்காட்லாந்து மன்னரின் மணிமுடிக்கு இப்பகுதிப் பொன் பயன்பட்டது. பொன்னின் கதை விரைவில் முடிந்தது. ஈயத்தின் கதை நூற்றாண்டுகளாகத் தொடர்ந்தது. கூரைத் தகடும், நீர்க்குழாயும், துப்பாக்கிக் குண்டும் செய்ய ஈயம் வேண்டியிருந்த காலம் அது. நிலத்திற்கு உரியவர்கள் பிரபுக்கள். சுரங்கத்தை நடத்தியவை குத்தகை எடுத்த நிறுவனங்கள். உள்ளே இறங்கியவர்கள் தொழிலாளர்கள்.

அத்தொழில் எளிதன்று. ஈரமும் இருளும் சூழ்ந்த குகை வழிகளில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பாறையைப் பிளக்க வேண்டும். வெளியே வந்தால் தாதுவை உருக்கும் உலைகளின் நச்சுப் புகை. அப்புகையால் வந்த நோயை ‘மில் ரீக்’ என்று தொழிலாளர் அழைத்தனர். லெட்ஹில்ஸ் மக்களிடையே கண்ட அந்நோயைப் பற்றி ஜேம்ஸ் வில்சன் என்னும் மருத்துவர் எழுதிய கட்டுரை 1754ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பிற்காலத்தில் அறிதுயில் ஆய்வின் முன்னோடியாகப் புகழ்பெற்ற ஜேம்ஸ் பிரெய்டு, இளமையில் இவ்வூரின் மருத்துவராகப் பணியாற்றினார். 1817 மார்ச் 1ஆம் நாள் இங்குள்ள சுரங்கத்தில் உயிர்களைப் பறித்த விபத்தைப் பற்றி அவர் எழுதிவைத்திருக்கிறார். இத்தகைய ஊரில், உடலைக் காப்பதே பெரும்பாடாக இருந்த மக்களிடையே, அறிவைத் தேடும் வேட்கை எவ்வாறு முளைத்தது?

அதற்குரிய முதற்காரணம் ஸ்காட்லாந்தின் கல்வி மரபு. வேத நூலை ஒவ்வொருவரும் தாமே படித்தறிய வேண்டும் என்று அந்நாட்டுத் திருச்சபை வற்புறுத்தியது. திருச்சபைப் பங்கு ஒவ்வொன்றிலும் பள்ளியும் ஆசிரியரும் இருத்தல் வேண்டும் என 1696ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. ஆதலால் ஏழைத் தொழிலாளியும் எழுத்தறிவு பெறுவதற்கு வழி பிறந்தது. ஆயினும் எழுத்தறிவு மட்டும் ஒருவனை வாசகனாக்கிவிடாது. அதற்கு நூல் வேண்டும்; ஓய்வும் வேண்டும்.

ஓய்வைத் தந்தவர் ஒரு கணித மேதை. ஜேம்ஸ் ஸ்டெர்லிங் என்பது அவர் பெயர். 1692இல் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் பயின்ற அவர் வெனிஸ் நகரில் சில காலம் வாழ்ந்தார். நியூட்டனின் நட்பைப் பெற்றார். 1730இல் அவர் வெளியிட்ட கணித நூலால் அவர் பெயர் இன்றும் உயர்கணிதம் பயில்வோர் நாவில் வழங்குகிறது. அத்தகைய அறிஞர் 1730களின் நடுவில் லெட்ஹில்ஸிலிருந்த ஸ்காட்டிஷ் சுரங்க நிறுவனத்தின் நிருவாகப் பொறுப்பை ஏற்றார். 1770இல் மறையும் வரை அப்பொறுப்பிலேயே இருந்தார். நட்டத்தில் இருந்த சுரங்கம் அவர் காலத்தில் இலாபம் ஈட்டியது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் உழைத்தால் போதும் என்னும் முறையை அவர் கொண்டுவந்தார். வீடு கட்டிக்கொள்ளவும், சுற்றியுள்ள தரிசைத் திருத்திப் பயிரிட்டுக்கொள்ளவும் தொழிலாளருக்கு இடம் தந்தார்.

நூலுக்கு வழி கண்டவர்கள் தொழிலாளர்களே. 1741 நவம்பர் 23ஆம் நாள் இவ்வூரில் 23 பேர் கூடி வாசகர் சங்கம் ஒன்றை நிறுவினர். அவர்களுள் ஒருவர் ஊர்ப் பாதிரியார். ஒருவர் பள்ளி ஆசிரியர். எஞ்சிய 21 பேரும் சுரங்கத் தொழிலாளர்கள். அக்காலத்தில் ஒரு நல்ல நூலின் விலை தொழிலாளி ஒருவனின் பல நாள் கூலியை விழுங்கிவிடும். தனி ஒருவனால் வாங்க இயலாததைப் பலர் கூடினால் வாங்கலாம் அன்றோ? சேரும்போது ஒரு கட்டணம், பின்னர் ஆண்டுதோறும் சந்தா எனப் பணம் சேர்ந்தது. சேர்ந்த பணத்தில் நூல்கள் வந்தன. சிறு துளி பெரு வெள்ளம் என்பது பழமொழி. இங்கே சிறு காசு பெரு நூல்நிலையம் ஆயிற்று. அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் பெஞ்சமின் பிராங்கிளின் தம் நண்பர்களோடு சந்தா நூல்நிலையம் தொடங்கியது 1731இல். அதற்குப் பத்தே ஆண்டுகளுக்குப் பின், மலைமேலிருந்த ஒரு சுரங்கச் சேரியில் அதே எண்ணம் உருப்பெற்றது. பிரிட்டனின் சந்தா நூல்நிலையங்களுள் இதுவே மிகத் தொன்மையானது என்பர்.

அயலூரார் வாளாவிருக்கவில்லை. 1756இல் வான்லாக்ஹெட் தொழிலாளர் தமக்கென ஒரு நூல்நிலையம் கண்டனர். ஒரு குன்றின் இருபுறமும் இரண்டு நூல்நிலையங்கள்! ஊர்கள் பகைமையில் போட்டியிடுவதை வரலாறு மிகுதியாகக் கூறுகிறது; நூல் சேர்ப்பதில் ஓர் ஊரைக் கண்டு மற்றோர் ஊர் முனைந்த செய்தி அரிதாகவே கிடைக்கிறது.

இந்த நூல்நிலையங்கள் நீடித்ததற்கு அவற்றின் ஒழுங்குமுறை ஒரு காரணம். தலைவர், எழுத்தர், பொருளாளர், மேற்பார்வையாளர் ஆகியோரை உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தனர். சட்டதிட்டங்கள் எழுத்தில் இருந்தன. நூல்களைக் கறைபடாமல் காப்பது உறுப்பினர் கடன். திரும்பி வரும் நூலைப் பார்வையிடுவது மேற்பார்வையாளர் கடன். ஈயப் புழுதி படிந்த கைகள் நூலின் தூய்மையை இத்துணைக் கருத்தோடு போற்றின. நாட்டை ஆளும் வாக்குரிமை அத்தொழிலாளருக்கு அன்று இல்லை. ஆனால் தம் நூல்நிலையத்தில் அவர்கள் வாக்களித்தனர், கணக்குக் கேட்டனர், கருத்து வேறுபட்டனர், முடிவுக்குக் கட்டுப்பட்டனர். மக்களாட்சியின் அரிச்சுவடியை அவர்கள் நூல் அடுக்குகளுக்கு இடையே நின்று பயின்றனர் எனலாம்.

இதற்குத் துணைசெய்த மற்றொன்று, அவர்களது வேலைமுறை. சுரங்கத்தில் தொழிலாளர் சிறு சிறு குழுக்களாகச் சேர்ந்து, இன்ன இடத்தில் இவ்வளவு வெட்டுவோம், அதற்கு இவ்வளவு கூலி என்று நிறுவனத்தோடு பேரம் பேசி ஒப்பந்தம் செய்துகொள்வர். அவை எழுதப்பட்ட ஏடுகள் ‘பேர ஏடுகள்’ எனப்பட்டன. லெட்ஹில்ஸ் நூல்நிலையம் இன்று அவற்றையும் காத்துவருகிறது. எழுத்தும் கணக்கும் அறியாதவன் அந்தப் பேரத்தில் ஏமாறுவான். ஆகவே கல்வி அவர்களுக்கு அணிகலன் மட்டுமன்று. கூலியைக் காக்கும் கருவியும் ஆயிற்று.

தொடக்கத்தில் அடுக்குகளை நிறைத்தவை பெரும்பாலும் சமய நூல்களே. காலப்போக்கில் வரலாறும், பயண நூல்களும், கதைகளும் இடம்பெற்றன. தொழிலாளர் படிப்பதை மேலிடத்தாரும் விரும்பினர். படிப்பவன் மதுக்கடையை நாடான், வேலைக்கு ஒழுங்காக வருவான் என்பது அவர்கள் கணிப்பாக இருந்திருக்கலாம். இதைக்கொண்டு, நூல்நிலையம் நிருவாகத்தின் கைவேலையே என்று வாதிடுவோர் உளர். நிருவாகத்தின் ஆதரவு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒருவன் கதவைத் திறந்துவிடுவது வேறு. மற்றவன் உள்ளே சென்று விளக்கேற்றுவது வேறு. ஆறு மணி நேர வேலை ஓய்வைத் தந்தது. அந்த ஓய்வை நூலுக்கு உரியதாக்கியது தொழிலாளரின் முடிவு. பதினெட்டாம் நூற்றாண்டின் நிருவாகிகள் மறைந்து, நிறுவனங்கள் கைமாறி, பங்குதாரர்கள் மாறிய பின்னரும் வாசகர் சங்கம் நிலைத்து நின்றதே இதற்குச் சான்று.

இவ்வூர்களின் கல்வி பெரியோரோடு நின்றுவிடவில்லை. 1803ஆம் ஆண்டில் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தும், அவர் தங்கை டோரதியும், கவிஞர் கோல்ரிட்ஜும் இவ்வழியே பயணம் செய்தனர். வழியில் வான்லாக்ஹெட்டைச் சேர்ந்த சிறுவர் சிலரைக் கண்டனர். எளிய தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டபோது, வெர்ஜிலையும் ஹோமரையும் படிப்பதாக விடை வந்தது. இலத்தீன், கிரேக்கக் காவியங்களின் பெயரை மலைச் சிறுவர் வாயிலாகக் கேட்டவர்கள் வியந்தனர். கோல்ரிட்ஜ் மேலும் வினவத் தொடங்கியதும் சிறுவர்கள் ஓட்டம் பிடித்தார்களாம்! தேர்வுக்கு அஞ்சி ஓடினார்கள் போலும் என்று டோரதி தம் பயணக் குறிப்பில் பரிவோடு எழுதியிருக்கிறார். எந்நாட்டு மாணவராயினும் மாணவர் மாணவரே என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா?

இந்த மண் புகழ்மிக்க இருவரை ஈன்றிருக்கிறது. கவிஞர் ஆலன் ராம்சே லெட்ஹில்ஸில் பிறந்தவர். எடின்பரோவில் பொய்ம்முடி செய்யும் தொழிலராகத் தொடங்கி, புத்தக வணிகராகி, நூல்களை வாடகைக்குத் தரும் நிலையம் ஒன்றை 1720களில் நடத்தியவர். லெட்ஹில்ஸ் நூல்நிலையம் பிற்காலத்தில் அவர் பெயரையே தாங்கியது. வில்லியம் சிமிங்டன் 1764இல் இதே ஊரில் பிறந்தார். சுரங்க இயந்திரங்களோடு பழகிய அவர் கை நீராவிப் படகைப் படைத்தது. அவர் செய்த ‘சார்லட் டண்டாஸ்’ என்னும் படகு 1803இல் இரண்டு சரக்குப் படகுகளைக் கால்வாய் வழியே இழுத்துச் சென்று, நீராவியின் ஆற்றலை நிலைநாட்டியது. ஆயினும் உரிய பயன் அவரை வந்தடையவில்லை. 1831இல் இலண்டனில் வறுமையில் மாண்டார்.

ஊர் நடுவே தொங்கும் மணி ஒன்றும் குறிப்பிடத்தக்கது. அதில் 1770 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. ஸ்டெர்லிங் மறைந்த ஆண்டு அதுவே. வேலை முறை மாறும் நேரத்தை அம்மணி அறிவித்தது. பனியில் வழிதவறியவரைத் தேட ஊரைக் கூட்டியதும் அதுவே. ஒருவர் காணாமற்போனால் ஊரே விளக்கேந்திப் புறப்படும் கூட்டுணர்வும், ஒருவர் வாங்க முடியாத நூலை ஊரே வாங்கும் கூட்டுணர்வும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தவை.

எந்தச் சுரங்கமும் ஒரு நாள் வற்றும். 1901இல் இம்மலைக்கு இரயில்பாதை வந்தது. மறு ஆண்டு வான்லாக்ஹெட்டை எட்டியது. ஆனால் ஈயத்தின் விலை நிலைக்கவில்லை. 1920களின் இறுதியில் லெட்ஹில்ஸ் சுரங்கம் ஓய்ந்தது. 1934இல் வான்லாக்ஹெட் சுரங்கம் மூடப்பட்டது. 1950களில் நடந்த மறுமுயற்சியும் நீடிக்கவில்லை. 1938இன் முடிவில் இரயிலும் நின்றது. வேலை தேடி மக்கள் கீழிறங்கினர். மக்கள் தொகை சில நூறாகச் சுருங்கியது. நூல்நிலையங்களின் கதவுகளும் சாத்தப்பட்டன. ஆளற்ற ஊர்களின் பட்டியலில் இவையும் சேர்ந்துவிடும் என்றே எவரும் எண்ணியிருப்பர்.

அவ்வாறு நேரவில்லை. லெட்ஹில்ஸ் நூல்நிலையம் 1972இல் மீண்டும் திறக்கப்பட்டது. 1974இல் வான்லாக்ஹெட்டில் ஈயச் சுரங்க அருங்காட்சியகம் உருவாயிற்று. அங்குள்ள பழைய நூல்நிலையமும் அதன் காப்பில் வந்தது. இரயில்பாதையின் ஒரு பகுதியில், தன்னார்வலர்கள் 1980களில் குறுகிய பாதை அமைத்துச் சிறு வண்டி ஓட்டத் தொடங்கினர். முன்னோர் தோண்டிய ஈயத்தைத் தேடி இன்று எவரும் அம்மலை ஏறுவதில்லை. முன்னோர் சேர்த்த நூல்களையும், அவர்கள் எழுதிவைத்த ஏடுகளையும் காணவே ஏறுகின்றனர்.

மண்ணிலிருந்து வெட்டிய ஈயம் கப்பலேறி அயல்நாடுகள் சென்றது. அதன் இலாபம் பிரபுக்களின் மாளிகைகளுக்கும் பங்குதாரர்களின் பைகளுக்கும் சென்றது. கூலியிலிருந்து பிரித்தெடுத்த சில காசுகள் மட்டும் ஊரிலேயே தங்கின. அவையே நூல்களாக இன்றும் அடுக்குகளில் இருக்கின்றன. நல்ல காலம் வரட்டும், கூலி உயரட்டும், கொடையாளர் ஒருவர் கிடைக்கட்டும், பின்னர் படிக்கலாம் என்று அந்த 21 பேரும் காத்திருந்தால் இவ்வூரின் பெயர் ஈயத்தோடு மறைந்திருக்கும். அவர்கள் காத்திருக்கவில்லை. தம்மிடம் இருந்த சிறிய ஓய்வையும் சிறிய காசையும் பொதுவில் வைத்தனர். வறுமை நீங்கிய பின் கற்பது என்பது ஒரு வழி. வறுமையின் நடுவே கூடிக் கற்பது மற்றொரு வழி. பின்னதே நிலைத்த வழி என்பதற்கு லோதர் குன்றுகளின் மடியிலுள்ள இரண்டு சிற்றூர்கள் சான்றாக நிற்கின்றன.