பெயரைக் கொடுத்துவிட்டு ஆற்றின் பெயரை வாங்கிய ஊர்

ஹெல்சிங்கிக்கு விமானத்தில் வருகிறவர்கள் உண்மையில் இறங்குவது ஹெல்சிங்கியில் அல்ல. விமான நிலையம் இருப்பது பக்கத்து நகரமான வான்டாவில். 1952 ஒலிம்பிக் போட்டிக்காக அந்த நிலையம் திறக்கப்பட்டபோது வான்டா என்ற பெயரில் ஒரு ஊர் கிடையாது, ஆறுதான் இருந்தது. அந்த மண் ஹெல்சிங்கி ஊராட்சிக்கு உட்பட்டிருந்தது. தலைநகருக்குப் பெயர் கொடுத்ததே அந்தக் கிராமப்புறம்தான். இருபதாண்டு கழித்து, குழப்பம் வேண்டாமென்று தன் பெயரை விட்டுவிட்டு, தன் நடுவே ஓடும் ஆற்றின் பெயரைச் சூட்டிக்கொண்டது. அந்த ஊரின் கதையைத் தெரிந்துகொள்ள ஆற்றோடு போவதே நேர்வழி.

வான்டா பெரிய ஆறு அல்ல. நீளம் சுமார் 100 கிலோமீட்டர். தலைநகருக்கு வடக்கே, ஹௌஸ்யார்வி வட்டாரத்துக் காடுகளுக்கு இடையிலுள்ள சிறு ஏரிகளில் பிறக்கிறது. பின்லாந்தை ஏரிகளின் நாடு என்போம். ஆனால் இந்த ஆற்றின் வடிநிலத்தில் ஏரிகள் குறைவு. பெருகிவரும் நீரைத் தாங்கிப் பிடிக்க இடமில்லாததால், ஏப்ரலில் பனி உருகும்போது ஆறு சட்டென்று வீங்கும், கோடையில் மெலிந்துவிடும்.

முதலில் வரும் நகரம் ரீஹிமாகி. பின்லாந்தின் முதல் ரயில் பாதை 1862இல் ஹெல்சிங்கியிலிருந்து ஹாமேன்லின்னாவுக்குப் போடப்பட்டபோது அதன் வழியில் இருந்த ஊர் இது. 1870இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பாதை இங்கிருந்து பிரிந்ததும் பெரிய சந்திப்பாக வளர்ந்தது. கண்ணாடித் தொழிலால் பெயர் பெற்ற ஊர். நாட்டின் கண்ணாடி அருங்காட்சியகமும் இங்கேதான் இருக்கிறது. அடுத்தது ஹியுவின்கா. கம்பளி ஆலையும் ரயிலும் வளர்த்த ஊர், இன்று பின்லாந்து ரயில் அருங்காட்சியகம் அங்கே. ஆற்றின் மேற்பாதி இப்படித் தொழில் ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகிறது.

அங்கிருந்து நுர்மியார்வி. இங்கே நுகாரி என்ற இடத்தில் ஆறு பாறைகளில் விழுந்து இரைச்சலிடுகிறது. அதைத் தாண்டினால் களிமண் வயல்கள். பனியூழிக் காலம் முடிந்த பிறகு கடலடியில் கிடந்து, நிலம் மெல்ல மேலெழுந்தபோது வெளிப்பட்ட மண் இது. ஆற்று நீர் பழுப்பாகக் கலங்கி ஓடுவது இந்தக் களிமண்ணால்தான். ஆற்றோடு வந்து கலக்கும் பாலோயோகி ஓடைக்கரைக் கிராமத்தில், 1834இல் ஒரு தையல்காரரின் மகனாகப் பிறந்தார் அலெக்சிஸ் கிவி. அவர் எழுதிய ‘ஏழு சகோதரர்கள்’ 1870இல் வெளிவந்தது. பின்னிஷ் மொழி நாவலுக்கு அடித்தளம் அதுதான். வெளிவந்த காலத்தில் அதைக் கடுமையாகத் தாக்கினார்கள். 1872இன் கடைசி நாளில், 38 வயதில், கிவி இறந்தார். இன்று அவர் பிறந்த அக்டோபர் 10 பின்னிஷ் இலக்கிய நாள். ஆற்றின் மேற்பகுதியில் உழவர்கள் பேசிய மொழியை இலக்கிய மொழியாக்கியது இந்தக் களிமண் நாட்டுப் பிள்ளைதான்.

கீழே இறங்க இறங்க மொழி மாறியது. பழைய ஹெல்சிங்கி ஊராட்சியின் எல்லைக்குள் ஆறு நுழைந்தால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேட்டது பெரும்பாலும் ஸ்வீடிஷ். இடைக்காலத்தில் ஸ்வீடனிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறிய உழவர்களின் வழியினர் அவர்கள். அவர்களுடைய ஊருக்கு ‘ஹெல்சிங்கே’ என்று பெயர். ஸ்வீடனின் ஹெல்சிங்லாந்து பகுதியிலிருந்து வந்தவர்கள் வைத்த பெயர் என்று ஒரு கருத்து உண்டு. இந்த வட்டாரம் எழுத்தில் முதன்முதலில் தெரிவது 1351இல். அந்த ஆண்டு ஸ்வீடன் மன்னர் மாக்னுஸ் எரிக்சன், இந்த ஆற்றில் சால்மன் மீன் பிடிக்கும் உரிமையை எஸ்தோனியாவின் பாடிசே மடத்துத் துறவிகளுக்குக் கொடுத்தார். விரிகுடாவுக்கு அக்கரையிலிருந்த துறவிகள் ஆசைப்படும் அளவுக்கு ஆற்றில் மீன் இருந்தது. ஊரின் வரலாறே ஒரு மீனில் தொடங்குகிறது.

ஊரின் இதயத்தைப் பார்க்க, கிளையாறான கேரவா வான்டாவில் கலக்கும் இடத்திலிருந்து அதன் கரையோடு சற்று மேலே போகவேண்டும். அங்கே கோயில்கிராமம். 15ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த புனித லாரன்ஸ் தேவாலயம் அதன் நடுவில் நிற்கிறது. செதுக்காத சாம்பல் நிறக் கருங்கற்களை அடுக்கிய சுவர். பெரிய கற்களுக்கு நடுவே சிறு கற்களைச் செருகிப் பூசியிருக்கிறார்கள். சுவருக்கு மேலே முக்கோண முகப்பில் மட்டும் செங்கல் கோலம். 1893இல் தீப்பிடித்துக் கூரையும் உள்ளே இருந்ததும் போயின, சுவர் நின்றது. அடுத்த ஆண்டே திருத்திக் கட்டினார்கள். துர்குவிலிருந்து வீபோரி வரை போன பழைய அரசர் சாலை இந்தக் கிராமத்தை ஒட்டித்தான் ஆற்றைக் கடந்தது. ஊர் என்றால் முதலில் பங்கு, பிறகுதான் ஆட்சி. பின்லாந்தில் ஊராட்சியைத் தேவாலயப் பங்கிலிருந்து பிரித்தது 1865ஆம் ஆண்டுச் சட்டம். ஹெல்சிங்கி ஊராட்சி அப்படி உருவானதுதான்.

கேரவாவின் கரையிலேயே இன்னும் மேலே டிக்குரிலா. 1862இல் முதல் ரயிலுக்காகக் கட்டிய நிலையம் அங்கே இன்றும் இருக்கிறது. வரைந்தவர் கார்ல் ஆல்பர்ட் எடெல்ஃபெல்ட், ஓவியர் ஆல்பர்ட் எடெல்ஃபெல்ட்டின் தந்தை. நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையம் இது. இப்போது நகர அருங்காட்சியகம். அதே 1862இல் அருவிக்கரையில் ஆளிவிதை எண்ணெய் ஆலை ஒன்று தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் டிக்குரிலா பெயிண்ட் நிறுவனம். ரயிலும் ஆலையும் வந்த பிறகு உழவர் ஊரில் தொழிலாளர் குடியிருப்புகள் பெருகின, பின்னிஷ் பேசுவோர் பெருகினர்.

நகரம் கையை நீட்டியது அப்போதுதான். 1946இல் ஊராட்சியின் தென்பகுதியை, மால்மி உட்பட மக்கள் நெருங்கி வாழ்ந்த இடங்களை, ஹெல்சிங்கி எடுத்துக்கொண்டது. 1966இல் வுவோசாரியும் போனது. மிஞ்சியதற்கு டிக்குரிலா தலையிடமானது. 1972இல் ஊர் பேரூரானபோது ‘வான்டா’ என்று பெயர் மாற்றிக்கொண்டது, 1974இல் நகரமானது. இன்று அங்கே ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர், பின்லாந்தின் நான்காவது பெரிய நகரம். ஸ்வீடிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். வேற்று நாட்டு மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் கால் பங்குக்கும் மேல்.

ஆறு கடலைச் சேரும் இடம் பழைய நகரத்து அருவி. 1550இல் மன்னர் குஸ்தாவ் வாசா, எதிர்க்கரையிலுள்ள தல்லினுக்குப் போட்டியாக இங்கே ஒரு வணிக நகரம் அமைத்தார். ஹெல்சிங்கே ஊர்ப் பெயரோடு அருவியைக் குறிக்கும் ‘ஃபோர்ஸ்’ சேர்ந்து ‘ஹெல்சிங்ஃபோர்ஸ்’ என்றானது. ஹெல்சிங்கியின் ஸ்வீடிஷ் பெயர் இன்றும் அதுதான். 1640இல் நகரம் திறந்த கடலை நோக்கி இடம்பெயர்ந்தது, பெயரைக் கூடவே கொண்டுபோனது. 1876இலிருந்து நகருக்குக் குடிநீர் கொடுத்ததும் இந்த ஆறே. 1982இல் 120 கிலோமீட்டர் நீளமுள்ள பாய்யான்னே சுரங்கம் வந்த பிறகுதான் அந்தச் சுமை இறங்கியது.

கழிவும் அணையும் சேர்ந்து சால்மனை விரட்டியிருந்தன. நீரைச் சுத்திகரித்து, குஞ்சுகளை விட்டு, பாறைகளைச் சீர்செய்து அதை மீட்டார்கள். இலையுதிர் காலத்தில் அருவியின் கிழக்குக் கிளையோரம் நின்றால் பார்க்கலாம். பாறைக்குக் கீழே மடுவில் மீன் ஒதுங்கி நிற்கும். மழை பெய்து நீர் ஏறும்வரை அசையாது. நீர் ஏறியதும் உடலை வில்லாக வளைத்து நுரையைத் தாண்டி எம்பும். விழும், மறுபடி எம்பும். மேற்குக் கிளையில் அணை இன்னும் நிற்கிறது. அதை அகற்றுவதா, தொழில் வரலாற்றின் சின்னமாகக் காப்பதா என்று நகரில் விவாதம் நடக்கிறது. டிக்குரிலாவில் அந்த முடிவை எடுத்துவிட்டார்கள். 2019இல் அணையை அகற்றினார்கள், கேரவாவில் மீனுக்கு வழி திறந்தது.

ஓர் ஊர் தன் பெயரை இழந்தால் அதன் மரபும் போய்விடும் என்று நாம் பயப்படுகிறோம். இந்த ஊர் பெயரை மட்டுமல்ல, தென்பகுதி மண்ணையும் மக்களையும், பழைய மொழியையும் இழந்தது. ஆனால் தீக்குப் பிறகு தேவாலயத்தைத் திருத்திக் கட்டியவர்கள், பழைய ரயில் நிலையத்தை இடிக்காமல் வைத்தவர்கள், அணையை எடுத்து மீனுக்கு வழிவிட்டவர்கள் எல்லாரும் சேர்ந்து அதைத் தாங்கியிருக்கிறார்கள். மரபு பெயர்ப்பலகையில் இல்லை, பராமரிப்பில் இருக்கிறது. தேவாலயம் நிற்கும் கிராமத்தை வான்டா நகரம் இன்றும் ‘ஹெல்சிங்கே கோயில்கிராமம்’ என்றுதான் அழைக்கிறது. நகரத்தின் சின்னத்தில் இருப்பது ஒரு சால்மன் மீன்.