குறிப்பேட்டில் ஒரு பொய் வரி

அமெரிக்காவில் வசிக்கும் என் பள்ளித் தோழன் குறிசுடும் போட்டிகளில் கலந்துகொள்பவன். சுட்ட தோட்டாக்களின் பித்தளை உறைகளைத் தானே மீண்டும் நிரப்பிக்கொள்கிறான். சென்ற வாரம் கேட்டான்: "உறை முழுவதையும் இறுக்கும் டை வாங்குவதா, கழுத்தை மட்டும் இறுக்கும் டை வாங்குவதா? பித்தளையைத்தானே ஆராய்கிறாய், நீயே சொல்."

சுடும்போது உறை விரிந்து, துப்பாக்கியின் அறைக்குப் பொருந்தும் வடிவைப் பெறுகிறது. அதே துப்பாக்கியில் மீண்டும் இடுவதாயின், குண்டைப் பற்றும் கழுத்தை மட்டும் சுருக்கினால் பெரும்பாலும் போதும். சில சுற்றுகளுக்குப் பின் உறை அறைக்குள் இறுக்கமாக நுழையும். அப்போது முழு டை தேவைப்படும். கழுத்து டைகளிலும் புஷ் மாற்றத்தக்க வகையே மேல். சாதாரண வகை கழுத்தை மிகையாகச் சுருக்கிவிட்டு, பிறகு உட்குமிழால் விரிக்கிறது. ஒவ்வொரு சுருக்கலும் விரித்தலும் பித்தளையைக் கடினமாக்கும். முடிவில் கழுத்து பிளக்கும்.

பித்தளை பட்டதை எளிதில் மறப்பதில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில், இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்ட தோட்டாக்கள், உறை குண்டைக் கவ்வும் இடத்தில் விரிசல் கண்டன. மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் 1921இல் காரணத்தை விளக்கினர்: குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், உறையை உருவாக்கியபோது உலோகத்துள் எஞ்சிய தகைவும் சேர்ந்து செய்த வேலை அது. சூடாக்கித் தகைவை நீக்குவதே தீர்வாயிற்று.

இதை ஏட்டில் படித்திருந்தும் நான் தவறினேன். மூன்றாம் ஆண்டின் மழைக்காலத்தில், என் பித்தளைக் கிண்ணங்கள் சோதனைக்கு முன்பே அலமாரியில் விரிசல் விட்டன. அருகில் அம்மோனியாக் கரைசல் இருந்தது. தகடு தரமற்றது என்று அறிக்கை எழுதினேன். நெறியாளர் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "சூடாக்கினீர்களா?"

அவசரத்தில் அந்த ஒரு மணி நேரத்தைத் தவிர்த்திருந்தேன். குறிப்பேட்டிலோ, செய்ததாக எழுதியிருந்தேன். உலையின் சூட்டை நேரில் கண்டவன் போல வெப்பநிலையும் குறித்திருந்தேன்.

அன்றிரவு அந்த வரியை அழிக்காமல் குறுக்கே கோடிட்டு, தேதியிட்டு, "செய்யவில்லை" என்று எழுதினேன். ஆறு மாத அளவீடுகள் வீணாயின. நெறியாளர் கடிந்துகொள்ளவில்லை, அதுதான் இன்றும் உறுத்துகிறது.

தோழனுக்கு இப்படிப் பதில் அனுப்பினேன்: புஷ் மாற்றத்தக்க கழுத்து டையை வாங்கு. சில சுற்றுகளுக்கு ஒருமுறை கழுத்தை மட்டும் சூடாக்கு. அடிப்பகுதியில் சூடு ஏறலாகாது. ஒவ்வோர் உறையும் எத்தனை முறை சுடப்பட்டது என்பதை உள்ளபடியே குறித்து வை.