பஞ்சு பெடல்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஞாபகம் இருக்கிறதா? 1961 முதல் மதராஸில் தயாரான கார். இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் இது. இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி வரைந்த உருவம். அதன் சேஸிஸைக் குட்டையாக்கி 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்கிற ஸ்போர்ட்ஸ் காரை விட்டார்கள். அதனால் நம்மூர் ஹெரால்டு சொந்தக்காரர்களுக்கு 'நாமும் ஸ்போர்ட்ஸ் கார் வம்சம்' என்று ஒரு மிதப்பு உண்டு. என் நண்பரிடம் அது சற்று அதிகம். அப்பா வாங்கிய 1966 மாடல் அவருடையது. பேத்தியை அதில் ஏற்காடு அழைத்துப்போக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

ஒரே சிக்கல், பிரேக். பெடலை மிதித்தால் பஞ்சு மூட்டையில் கால் வைத்த மாதிரி அமுங்குகிறது.

"ரெண்டு மிதி மிதிச்சா நிக்குது சார். முப்பது வருஷமா பழகின வண்டி!"

இந்த 'ரெண்டு மிதி' சமாதானம்தான் எனக்கு பயம். ஹெரால்டில் ஒரே மாஸ்டர் சிலிண்டர். நாலு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட். ஓரிடத்தில் குழாய் விட்டால் நாலும் போச்சு. மிச்சம் ஹேண்ட்பிரேக்கும் குலதெய்வமும். அமெரிக்காவில் 1968-லிருந்து புதுக் கார்களுக்கு இரட்டை சர்க்யூட்டைக் கட்டாயமாக்கினார்கள். இது அதற்கு முன்னால் பிறந்தது. ஏற்காட்டு மலையிலோ 20 கொண்டை ஊசி வளைவுகள். ரெண்டாவது மிதிக்கு நேரம் இருக்க வேண்டுமே?

மெக்கானிக் பாய் வந்தார். அறுபது வயசிருக்கும். பெடலைக் காலால் அல்ல, கையால் அமுக்கிப் பார்த்தார்.

"மிதிக்க மிதிக்க மேல வந்து கெட்டியாயிட்டா ஷூ தேய்ஞ்சு கேப் விழுந்திருக்கு. மேல வந்தும் பஞ்சா இருந்தா காத்து. மிதிச்ச கால் தானா மெதுவா கீழே எறங்குனா மாஸ்டர் சிலிண்டர் ரப்பர், இல்லாட்டி எங்கியோ ஒழுகுது. உங்களுக்குக் கொஞ்சம் கேப்பு, கொஞ்சம் காத்து சார்."

முதலில் டிரம்களை அட்ஜஸ்ட் செய்தார். பெடல் கொஞ்சம் உயர்ந்தது. அடுத்து ஏர் எடுப்பது. திரவத்தை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். குழாயில் ஒரு குமிழி இருந்தால் நம் காலின் பலமெல்லாம் அதை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். தூரத்திலிருக்கும் பின்சக்கரத்தில் ஆரம்பித்தோம். பெடல் டியூட்டி எனக்கு.

"மிதிங்க... புடிங்க... புடிங்க... ம், வுடுங்க!"

நிப்பிளிலிருந்து ட்யூப் வழியாக பாட்டிலுக்குள் குமிழிகளோடு வந்தது, ஃபில்டர் காபி டிகாஷன் நிறத்தில் ஒரு திரவம். பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே தவிர அது ஆயிலே இல்லை, கிளைகால் சமாச்சாரம். (நிஜ ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பரெல்லாம் உப்பிக்கொள்ளும்.) காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் அதற்கு. டாட் 4 ரகம் புதுசில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்கிறது விதி. மலை இறக்கத்தில் டிரம் கொதித்து, அந்தத் தண்ணீர் ஆவியானால், திடீரென்று பெடல் தரையைத் தொடும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது இதனால்தான். நண்பர் எப்போது மாற்றினார் என்று கேட்டேன். பேத்தியின் அம்மா காலேஜ் படிக்கும்போதாம்.

புதுத் திரவம் போட்டும் பஞ்சு முழுசாகப் போகவில்லை. நண்பருக்கு அதுவே போதும் போலிருந்தது. பாய் விடவில்லை. நாலு சக்கரத்தின் ரப்பர் ஹோஸ்களையும் கிளாம்ப்பால் இறுக்கினார். பெடல் கல் மாதிரி நின்றது. ஆக, மாஸ்டர் சிலிண்டர் நிரபராதி. கிளாம்ப்பை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தார். இடது முன்சக்கரத்தில் எடுத்ததும் மறுபடி பஞ்சு.

ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுசாக மலரும். அதனால் வேடிக்கை பார்ப்பது சுலபம். நண்பரை மிதிக்கச் சொல்லிவிட்டு நான் எட்டிப் பார்த்தேன். வெளியே ஒரு விரிசல்கூட இல்லாத அந்த ஹோஸ், அவர் மிதிக்கும்போதெல்லாம் இரை விழுங்கிய பாம்பு மாதிரி தடித்து, காலை எடுத்ததும் மெலிந்தது. பிரேக் ஷூவைத் தள்ள வேண்டிய அழுத்தம் ஹோஸை ஊதிக்கொண்டிருந்தது. நண்பரை இறக்கிக் காட்டினேன். 'ரெண்டு மிதி' பற்றி அப்புறம் அவர் பேசவில்லை.

நாலு ஹோஸையும் மாற்றினார் பாய். இதில் மட்டும் பழசு வாங்கக் கூடாது என்று கண்டிஷன்.

"இப்ப ரொம்ப கெட்டியா இருக்கே பாய்?" என்றார் நண்பர்.

"அறுபத்தாறுல இப்படித்தான் சார் இருந்திருக்கும்."

ஏற்காடு போய் வந்துவிட்டார்கள். செகண்ட் கியரிலேயே இறங்கினாராம். பேத்தி ஒவ்வொரு வளைவாக இருபதிலிருந்து தலைகீழாக எண்ணிக்கொண்டு வந்து, ஏழிலோ எட்டிலோ தூங்கிவிட்டதாம்.