ஆறிக் கிடந்தால்தான் வரும் சத்தம்

2025 ஜனவரி 10, 11 தேதிகளில் ஜோகூர் முழுக்க அடைமழை. மழை ஓய்ந்த பிறகும் குளிர் விடவில்லை. உலு திராமில் அக்கா வீட்டுத் தாழ்வாரத்தில் மாட்டியிருந்த வெப்பமானி விடியற்காலையில் 22 பாகை காட்டியது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதுவே சட்டைக்குமேல் சட்டை போடுகிற குளிர். மணி ஆறரை, வெளியே இன்னும் இருட்டு. பிள்ளைகள் புத்தகப் பையோடு காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். அக்கா சாவியைத் திருப்பியதும் பானெட்டுக்குள்ளிருந்து டக் டக் டக் டக் என்று ஒரு சத்தம். மரங்கொத்தி போல் விடாமல் கொத்தியது. கோத்தா திங்கி சாலையில் ஏறிச் சற்று தூரம் போவதற்குள் தானாக அடங்கிவிட்டது.

"குளிர் வந்தா இப்படித்தான்டா. போன வருசமும் மழைக்காலத்துல கேட்டுச்சு, வெயில் வந்ததும் போயிருச்சு" என்றாள் அக்கா.

முதலில் போன பட்டறையிலும் குளிரைத்தான் குற்றம் சொன்னார்கள். மினியாக் ஹித்தாம், அதாவது இஞ்சின் எண்ணெய், இறுகிப்போயிருக்கிறதாம். 10W-40 எண்ணெயை வடித்துவிட்டு 5W-30 ஊற்றினார்கள். மறுநாள் காலை அதே சத்தம்.

அன்றிரவு எண்ணெய் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த எழுத்துகளைப் பற்றித் தேடிப் படித்தேன். அந்த 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கிறது. 10W என்று பெயர் வாங்க, ஓர் எண்ணெய் பூச்சியத்துக்குக் கீழே 25 பாகையிலும் இஞ்சினைச் சுழல விட வேண்டும். 5W என்றால் பூச்சியத்துக்குக் கீழே 30. கனடாவின் விண்ணிப்பெக் போன்ற ஊர்களில் இரவெல்லாம் இஞ்சினுக்கு மின்சூடேற்றி மாட்டிவைக்கிறார்கள். அந்தக் குளிருக்காக எழுதிய கணக்கு இது. உலு திராமில் விடியற்காலை வெப்பம் வழக்கத்தைவிடச் சில பாகைதான் குறைந்திருந்தது. அப்படி 22க்கு இறங்கியதால் எண்ணெய் இறுகியது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குளிர் காரணமில்லை என்றால், குளிரில் மட்டும் ஏன் கேட்கிறது? இந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை.

மறுநாள் காலை கைப்பேசியில் சத்தத்தைப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து ஓடவிட்டு எண்ணினேன். நொடிக்குப் பத்துத் தட்டு, நிமிடத்துக்கு அறுநூறு. அந்த நேரம் இஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,200 சுற்றில் ஓடிக்கொண்டிருந்தது. அதாவது இரண்டு சுற்றுக்கு ஒரு தட்டு. நான்கு வீச்சு இஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் புகையை வெளியே தள்ளும். அதன் வால்வுகளும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் திறக்கும். பெல்டிங்கோ ஆல்டர்னேட்டரோ இந்தத் தாளத்தில் தட்டாது. ஆகவே சந்தேகம் இரண்டு இடங்களுக்குச் சுருங்கியது: வால்வை அழுத்தும் டேப்பெட், அல்லது புகை வெளியேறும் எக்ஸோஸ்ட் பக்கம். எண்ணிப் பார்க்க ஆன நேரம் பத்து நிமிடம். அதை முன்பே செய்திருந்தால் எண்ணெய்க்குக் கொடுத்த பணம் மிஞ்சியிருக்கும்.

உலு திராமில் பழைய கார்களையே பார்த்துவரும் ஓர் அண்ணனிடம் போனேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. "இப்ப தொறந்து என்னா தம்பி பாக்குறது? ஓட்டிக்கிட்டு வந்துட்டீங்க, சூடாயிருச்சு. காடிய ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போங்க. ஆறிக் கிடந்தாத்தான் அது பேசும்" என்றார். இத்தனை நாள் நாங்கள் செய்த தவறு அந்தப் பேச்சில் இருந்தது. நோயாளியைக் காய்ச்சல் இறங்கிய பிறகே மருத்துவரிடம் கூட்டிப்போயிருக்கிறோம்.

மறுநாள் காலை ஏழரைக்கு அவர் இஞ்சினை முடுக்கினார். சத்தம் உடனே வந்தது. பழைய கார் என்பதால் பிளக் ஒயர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன. உறை போட்ட இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். மூன்றாவது ஒயரைக் கழற்றியதும் தட்டல் அடங்கியது. டேப்பெட்டாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் தீ பற்றாவிட்டாலும் தட்டிக்கொண்டேதான் இருக்கும் என்றார். பிறகு தடித்த துணியை மடித்து, எக்ஸோஸ்ட் குழாயின் வாயை ஒரு கணம் அடைக்கச் சொன்னார். அடைத்ததும் தட்டல் பெரிதானது. புகை வேறு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. டார்ச் அடித்துக் காட்டினார்: சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் மேனிஃபோல்டும் இஞ்சினும் சேரும் இடத்தில், மூன்றாவது துளைக்குப் பக்கத்தில், விரல் அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. கேஸ்கெட் எரிந்திருந்தது. மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்டுகளில் இரண்டு முறிந்திருந்தன.

சூடானதும் சத்தம் நிற்பதற்கும் காரணம் அங்கேயே இருந்தது. வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் 40 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 பாகை சூடேறினால் அது ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மில்லிமீட்டர் நீளும். அந்த விரிவில் இடுக்கு அடைபடுகிறது. தினமும் நீண்டு சுருங்கும் அதே இழுப்புதான் துருப்பிடித்த ஸ்டட்டுகளை முறித்ததும்.

ஆனால் மழைக்காலக் குளிரில் மட்டும் ஏன்? வெயில் நாட்களிலும் இஞ்சின் இரவெல்லாம் ஆறித்தானே கிடக்கிறது? அண்ணனுக்கு அந்தக் கேள்வியில் அக்கறையில்லை. கேஸ்கெட் மாற்றுவதற்குமுன் ஒரே ஒருமுறை, காரை மறுபடி முழுக்க ஆறவிட்டு, நான் கதவை மூடி உள்ளே உட்கார்ந்துகொண்டு முடுக்கினேன். தட்டல் கேட்டது. அக்கா வழக்கமாகச் செய்வதுபோல் ஏர்கோனைப் போட்டுக் காற்றை மூன்றாம் எண்ணுக்குத் திருப்பி, வானொலியில் மின்னல் எஃப்எம் வைத்தேன். தட்டல் காணாமல் போனது. வெளியே இறங்கி நின்றால் அப்படியே கேட்டது. மழைக்காலக் குளிரில் மட்டும்தான் அக்கா ஏர்கோன் போடுவதில்லை. அந்தச் சத்தம் வருடம் முழுக்க இருந்திருக்கிறது. குளிர் வந்தபோதுதான் நம் காது திறந்திருக்கிறது.

இதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி எனக்கு ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. பின்சீட்டில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த காலைகள் நினைவுக்கு வந்தன. மலாயில் உலு என்றால் ஆற்றின் மேல்முகம். திராம் ஆற்றின் மேல்முகம்தான் எங்கள் ஊர். கசிவும் புகைக்குழாயின் உலுவில், நச்சை எரித்துக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னாலேயே இருந்தது. ஆறிய இஞ்சினுக்கு முதல் சில நிமிடம் பெட்ரோல் அதிகம் போகும்; கார்பன் மோனாக்சைடு அதிகம் வருவது அப்போதுதான். கார் நின்றபடி ஓடினால் பானெட்டுக்குள் தேங்கும் புகையை முன்கண்ணாடியடியில் இருக்கும் காற்றுத் துவாரம் உள்ளே இழுக்க வழியுண்டு. மழைக்காகச் சன்னல் கண்ணாடி ஏற்றியிருக்கும். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது நாற்றம் எங்கள் பக்கத்தாரை எச்சரித்தது. கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமில்லை, நிறமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். இஞ்சினை அணைக்காமல் காருக்குள் உறங்கி இறந்தவர்களின் செய்தி மலேசியாவில் பலமுறை வந்திருக்கிறது.

கேஸ்கெட்டும் ஸ்டட்டுகளும் மாற்றி அன்று மாலையே அக்கா காரை எடுத்து வந்துவிட்டாள்.

உங்களிடம் பத்து வயதைத் தாண்டிய கார் இருந்தால், நாளை காலை பிள்ளைகளை ஏற்றுமுன் ஏர்கோனையும் வானொலியையும் அணைத்துவிட்டு முடுக்குங்கள். வெளியே இறங்கி, பானெட்டைத் திறந்து, இரண்டு நிமிடம் கேளுங்கள். தட்டல் கேட்டால், ஆறிய நிலையிலேயே பட்டறை ஆளிடம் காட்டுங்கள். அதுவரை பிள்ளைகளை ஓடும் இஞ்சினோடு காருக்குள் உட்கார வைக்காதீர்கள்.