குத்தின் அடியில்

நெல் வயலைப் பார்க்க வருகிறவர்கள் வரப்பில் நின்று பயிரின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். வயலுக்குச் சொந்தக்காரன் உள்ளே இறங்கிக் குனிய வேண்டும். சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி குடியிருப்பது குத்தின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, வெயில் எட்டாத இடத்தில். வரப்பிலிருந்து தெரியவரும்போது பயிர் வட்ட வட்டமாகக் கருகிக் கிடக்கும்.

காவிரிப் படுகையில் சம்பா தூர் கட்டிய பிறகு, மழை விட்டும் மூட்டம் விலகாத நாட்களில், நான் அடிக்கடி இறங்கிப் பார்ப்பேன். குத்தைச் சாய்த்துத் தட்டினால் பூச்சி தண்ணீரில் விழும். அதை எண்ணுவதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஓர் அளவு சொல்கிறது. தூருக்கு ஒரு பூச்சி என்றால் மருந்தைப் பற்றி யோசிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். நம் தொழிலில் எழுதப்பட்ட விதிகளில் இதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். சிலந்தியையும் வயலில் வேலை செய்கிற ஆளாக அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

உரக்கடையில் தரும் மருந்துக்கு அந்தக் கணக்கு கிடையாது. செயற்கை பைரித்ராய்டு அடித்தால் சிலந்தியும், புகையான் முட்டையைத் தின்னும் மிரிட் பூச்சியும் செத்துப்போகும். புகையானின் முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். சில நாளில் குஞ்சுகள் வெளியே வரும்போது தின்ன ஆள் இருக்காது. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை என்று தெளிப்பான் முதுகிலேயே இருக்கும். இந்தோனேசியா இதை நாடு முழுக்க அனுபவித்தது. 1986இல் நெல்லுக்கு 57 மருந்துகளை அந்த அரசு தடை செய்தது. மருந்துக்குக் கொடுத்த மானியத்தையும் பிறகு படிப்படியாக நிறுத்தியது. அதனால் அங்கே நெல் விளைச்சல் சரிந்துவிடவில்லை.

புகையானை அழைத்து வருவதில் யூரியாவுக்கும் பெரிய பங்கு உண்டு. தழைச்சத்து மிஞ்சிக் கருகருவென்று நிற்கும் பயிரில் சாறு கொழுத்திருக்கும். பூச்சி அங்கே அதிகமாக முட்டையிடும். யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. தண்ணீர் கட்டிய வயலில் பயிர் அதில் பாதியைக்கூட எடுத்துக்கொள்வதில்லை. மிச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போகிறது. ஒரு பகுதி நைட்ரேட்டாக இறங்கி நாம் குடிக்கிற தண்ணீரில் கலக்கிறது. கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாகிறது. புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 270 மடங்கு வலியது. 45 கிலோ யூரியா மூட்டையை 266 ரூபாய் 50 காசுக்குக் கொடுத்தால் யார் கைதான் அளந்து போடும்? நம் வரவு செலவு நோட்டில் இந்த இழப்புக்குப் பத்தியே இல்லை.

நான் செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. சம்பாவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுகிறேன். நடும்போது எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுகிறேன். காற்றும் வெளிச்சமும் குத்தின் அடி வரை போகும். இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்துத்தான் மேலுரம். தண்ணீரை மறையவிட்டு மறுபடி கட்டுகிறேன். வயலிலிருந்து மீத்தேன் கிளம்புவதும் இதனால் குறைகிறது. வரப்பில் உளுந்து, சிலந்திக்கு அது ஒதுங்குமிடம்.

குத்தகைக்கு உழுகிறவரிடம் இதையெல்லாம் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். அவருக்குக் கடன் கொடுப்பதும் உரக்கடை, பூச்சிக்கு யோசனை சொல்வதும் அதே கடை. ஒரு போகம் போனால் குத்தகை நெல்லுக்கு எங்கே போவார்? எண்ணிப் பார்த்துப் பொறுத்திருக்கும் துணிவு சொந்த நிலம் இருப்பதால் எனக்கு வந்தது. அவரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

2024இல் தமிழ்நாடு அரசு பசுந்தாள் உர விதை வழங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது, நல்ல காரியம். அதோடு, வயலில் இறங்கிக் குத்தைத் தட்டி எண்ணத் தெரிந்த, எந்தப் பொருளையும் விற்காத ஓர் ஆள் ஊருக்கு ஒருவர் வேண்டும். யூரியாவுக்குப் போகிற மானியத்தில் ஒரு சிறு பங்கை அவருக்குச் சம்பளமாகக் கொடுக்கலாம்.