வீணைக்கு எத்தனை வாட்ஸ்?

எங்கள் கல்லூரிச் சிற்றரங்கில் வீணைக் கச்சேரி என்றால், ஒலிபெருக்கி வாடகைக்குத் தருபவர் முதலில் கேட்பது, "எத்தனை வாட்ஸ் சார்?" ஊர்வலத்துக்குரிய கேள்வி அது. ஒரே மீட்டில் பல சுரங்களை இழுத்தெடுக்கும் கமகம், நாதம் தேய்ந்துகொண்டிருக்கையில் பிறப்பது. அதிரும் பெட்டிகள் முதலில் விழுங்குவதும் அதைத்தான். ஆகவே இரண்டு சிறு பெட்டிகளே போதும் என்கிறோம். அவற்றை மைக்குகளுக்கு முன்னால், மேடையின் இரு ஓரங்களிலும், அமர்ந்திருப்போர் தலைக்குமேல் உயர்த்தி, கடைசி வரிசையை நோக்கிச் சற்றே சாய்த்து வைக்கிறோம். பின்னால் வைத்தால் பெட்டியின் ஒலி மீண்டும் மைக்கில் புகுந்து ஊளையிடும். வெட்டவெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். அரங்கச் சுவர்கள் அவ்வளவு குறைய விடுவதில்லை. எனவே பின்வரிசைக்காக முன்வரிசையை வதைக்க வேண்டியதில்லை. இத்தகைய சிற்றரங்கில் மிருதங்கத்துக்கு மைக்கே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. அதை வித்வானிடம் யார் சொல்வது என்பதில்தான் ஆண்டுதோறும் எங்களுக்குள் வழக்கு.