நமக்காகச் செரிப்போர்

“கீரைத்தண்டும் அவரைத்தோலும் வெறும் நார்தானே சாமி! உடம்பில் ஒட்டவா போகிறது?” இல்லங்களைச் சந்திக்கச் செல்லுகையில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

அன்பர்களே, இதில் பாதி உண்மை உண்டு. சோற்றிலுள்ள மாப்பொருளைச் செரிக்கும் நொதிகள் நம் உடலில் சுரக்கின்றன. செல்லுலோஸ், பெக்டின் போன்ற நார்களை அறுக்கும் நொதிகளோ நமக்கு இல்லை. அவை சிறுகுடலைக் கடந்து, செரியாமலே பெருங்குடலை அடைகின்றன.

மீதிப் பாதி உண்மை அங்கேதான் தொடங்குகிறது. காற்றுப் புகாத அவ்விடத்தில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நாரின் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளைச் சில அறுக்கின்றன. அறுந்த துண்டுகளை வேறு சில, மாவு புளிப்பதுபோல் புளிக்கச் செய்கின்றன. செல்லுலோஸின் பெரும்பகுதி கரையாமல் மலத்திற்குப் பருமன் தருகிறது. பெக்டினோ எளிதில் கரைகிறது. இவ்வாறு விளையும் அமிலங்களுள் ஒன்று பியூட்டிரிக் அமிலம். பெருங்குடலின் உட்சுவர் அணுக்களுக்கு முதன்மையான உணவு அதுவே. நாம் உண்ண, அவை செரிக்க, நம் குடல் வாழ்கிறது!

2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் வாழும் கறுப்பின மக்கள் 20 பேரும், தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேரும் இரு வாரங்கள் உணவு முறையை மாற்றிக்கொண்டனர். அமெரிக்கருக்கு நாளொன்றுக்கு 14 கிராமாக இருந்த நார் 55 கிராமாக உயர்ந்தது. கிராமத்தாருக்கு 66 கிராம் 12 ஆகக் குறைந்தது. விளைவு யாது? முன்னவர் குடலில் பியூட்டிரிக் அமிலம் இரண்டரை மடங்காகப் பெருகியது, பின்னவருக்குப் பாதியாயிற்று. குடற்சுவரின் அழற்சியும் ஒருசாராருக்குத் தணிந்தது, மறுசாராருக்கு மிகுந்தது. கொழுப்பின் அளவும் உடன் மாறியதால், எல்லாப் பெருமையையும் நாருக்கே தருவது முறையன்று.

ஆய்வுக்கு உட்பட்டோர் 50 முதல் 65 வயதினர், என் வயதினர். என் தமையனார் பெருங்குடல் புற்றுநோயால் மறைந்ததும் அவ்வயதில்தான். நார் மிகுதியாக உண்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல எவராலும் இயலாது. ஆயினும், இரண்டே வாரங்களில் குடலின் நிலை மாறக்கூடும் என்பதை அறிந்தபின், தட்டின் ஓரத்தில் காயை ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

ஒரே நாளில் மிகுதியாக உண்டால் வயிறு உப்பும். ஆகவே பயறு, கீரை, வாழைத்தண்டு, சிறுதானியம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நீரும் போதிய அளவு அருந்துங்கள். குடல்நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்வது நலம். பிள்ளைகளின் தட்டிலும் இன்றே ஒரு கரண்டி கீரை விழட்டும்.